கரமடிச் சுவர்: குமரிக் கடலோரத்தில் அக்காவும் நானும்

முதல் நாள், வியாழன்

காவல்கிணறு தாண்டியதும் அக்கா ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டாள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் நுழையும்போது காற்றாலைகள் எத்தனை சுற்றுகின்றன என்று அவளுக்குப் பார்க்க வேண்டும். சுவரில் படம் வரையச் சாரத்தில் ஏறப் போகிறவள் அவள். பிப்ரவரி மாதம் என்பதால் பாதிக்கு மேல் சும்மா நின்றன. "சரி, பயமில்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள். அப்பா சுவர் எழுதுகிறவர். ஜவுளிக்கடை, பல்பொடி, கட்சிச் சின்னம், எல்லாம் எழுதியிருக்கிறார். தேர்தல் அறிவித்துவிட்டால் வீட்டில் அடுப்பு மூன்று வேளையும் எரியும். அவர் எழுத்துக்கு ஓரம் எழுதிக்கொண்டே போவார், பின்னாலேயே அக்காவும் நானும் உள்ளே நிரப்பிக்கொண்டு வருவோம். அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அச்சடித்து விடிவதற்குள் கட்டிவிட்டுப் போகும் பேனரோடு தூரிகை எப்படிப் போட்டி போடும்? அப்பா வேறு வேலைக்குப் போனார். நாங்கள் இருவரும் சுவரை விடவில்லை. எழுத்து போய் உருவம் வந்தது, அவ்வளவுதான்.

நாகர்கோவில் வடசேரியில் இறங்கி, அண்ணா பஸ் நிலையம் போய் அடுத்த பஸ். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு மீனவ ஊர். ஊர்ப் பொதுக்கூடத்தின் கடலைப் பார்த்த சுவரில் படம் வரைய அழைத்திருக்கிறார்கள். பெயின்ட் செலவு, தங்க இடம், சாப்பாடு, கையில் ஒரு தொகை. இருட்டில்தான் வந்து சேர்ந்தோம். மரச்சீனிக்கிழங்கும் அயிலைக் குழம்பும் கொடுத்தார்கள். சுவரைக் காலையில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள், வெள்ளி

உயரம் 34 அடி, அகலம் 52 அடி. கணக்குப் போட்டால் 1,768 சதுர அடி. வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை அடிக்க லிட்டருக்கு ஐம்பது, அறுபது சதுர அடி வரும். ஆக முப்பத்திரண்டு லிட்டராவது வேண்டும், பிரைமர் தனி.

ஆனால் சுவரில் உப்பு பூத்திருந்தது. இடுப்பளவு உயரம் வரைக்கும் வெள்ளைப் பொடி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கரைத்து எடுத்து வந்து மேலே விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். அதன் மேல் அப்படியே பெயின்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் வரட்டிபோல் கழன்று விழும். அப்பா சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு: பசை டேப்பைச் சுவரில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப்பில் பொடி ஒட்டி வந்தால் சுவர் தயாராக இல்லை. கீழே ஒட்டிப் பார்த்த ஒன்பது இடத்திலும் பொடி வந்தது.

பகல் முழுக்கக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரால் கழுவினோம். இந்த ஊரில் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வருகிறது. அதைச் சுவருக்கு ஊற்றக் கொடுத்தார்கள். ஊற்றும்போது கை கூசியது.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். ஒரு வயதான மீனவரின் முகத்தைச் சுவர் முழுக்க வரையலாம் என்று ஊரிலிருந்தே திட்டம் போட்டு வந்திருந்தோம். சுருக்கம் விழுந்த முகம், தூரத்தைப் பார்க்கும் கண். பெரிய சுவர் என்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஒரு அம்மா எழுந்து, "முகம் வேண்டாம் மக்கா. யாரு மொகத்த போட்டாலும் மத்தவங்களுக்கு வலிக்கும்" என்றார். வேறு யாரும் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. இந்தக் கரையில் கடலுக்குக் கொடுக்காத தெரு கிடையாது. அக்கா கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள், சனி

சுவர் காய வேண்டும். பத்மநாபபுரம் போனோம். (திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. வருகிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில்தான் இருக்கிறது. சுவரோவியங்கள் உப்பரிகை மாளிகையின் மேல்மாடியில். அங்கே பார்வையாளர்களை விடுவதில்லை. அந்தப் படியருகில் அக்கா ரொம்ப நேரம் நின்றாள். எனக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தினம் ஆயிரம் பேர் மூச்சு பட்டால் அந்த வண்ணம் தாங்காது என்பது வண்ணம் பூசுகிற எங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்து முறையை அக்கா ஒரு பட்டறையில் படித்திருக்கிறாள். பஸ்ஸில் திரும்பும்போது சொல்லிக்கொண்டே வந்தாள். காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைவார்கள். மஞ்சளும் சிவப்பும் காவிக்கல்லிலிருந்து. கறுப்பு எண்ணெய் விளக்கின் கரியிலிருந்து. பச்சைக்கு நீலிச் செடியின் சாறு சேரும். வெள்ளை என்று தனியாக ஒன்றைப் பூசுவதில்லை, வெள்ளை வேண்டிய இடத்தில் சுவரைச் சும்மா விட்டுவிடுவார்கள்.

"நாமளும் கொஞ்சம் விட்டுப் பழகணும்டா" என்றாள். எங்கள் இருவருக்கும் எந்த மூலையையும் நிரப்பாமல் விட முடியாது. சின்ன வயதில் எழுத்துக்குள் நிரப்பிப் பழகிய கை.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. பூசை முடியும்வரை நாங்களும் வேலையைத் தொடவில்லை. அப்புறம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பதினைந்து பேர் இருக்கும். "அக்காவும் தம்பியும் சேந்தா வரையிவீங்க? சண்டை வராதா?" இதுதான் எல்லா ஊரிலும் முதல் கேள்வி.

வரும் என்று சொன்னேன். பிறகு பிரேசிலில் இருக்கும் இரட்டையர் கதையைச் சொன்னேன். ஓஸ் ஜெமியோஸ் என்று சேர்ந்தே ஒரு பெயர் வைத்துக்கொண்டவர்கள், அந்தச் சொல்லுக்கே 'இரட்டையர்' என்றுதான் பொருள். 1974இல் சாவோ பாலோவில் பிறந்த அண்ணன் தம்பி. தொடங்கிய காலத்தில் ஸ்ப்ரே டப்பா வாங்கக் காசு போதாமல், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டையும் ரோலரையும் வைத்து வரைந்தார்கள். மஞ்சள் தோல் மனிதர்கள் அவர்களுடைய அடையாளம். 2014இல் கனடாவின் வான்கூவரில் சிமென்ட் ஆலையின் ஆறு பெரிய உருளைத் தொட்டிகளில் எழுபதடி உயரத்துக்கு ஆறு பூதங்களை வரைந்தார்கள். எந்தக் கோடு யாருடையது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு பையன் தொட்டிகளை விரலால் எண்ணிப் பார்த்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் கோவில்பட்டியிலேயே உண்டு. நாடகத் திரை வரைந்து, பிறகு காலண்டர் சாமிப் படங்களால் தமிழ்நாட்டின் பூஜையறைகளையெல்லாம் நிரப்பிய கொண்டையராஜு, சீடர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வரைந்தவர். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட படங்கள் அந்தப் பட்டறையிலிருந்து வந்திருக்கின்றன. அப்பா இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

மதியம் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் நடந்தோம். மணல் கறுப்பாக, திட்டுத் திட்டாகப் பளபளக்கிறது. இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்த மணல். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. மணல் அள்ளுவதைப் பற்றி இந்தக் கரையில் கவலையும் கோபமும் நிறைய உண்டு, அது எங்கள் காதிலும் விழுந்தது. எனக்குப் புதிதாக இருந்தது இல்மனைட் சமாசாரம். அதிலிருந்துதான் டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். பெயின்ட் வாளியில் வெள்ளை வெள்ளையாக இருப்பது அந்தப் பொருளால்தான். இத்தனை வருடமாக எத்தனை வாளி வெள்ளையைக் கலக்கியிருப்போம்! அதன் தாய் இப்படிக் கரேலென்று ஒரு மணல் என்று தெரியாமல் போயிற்று. அக்கா ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டாள்.

திரும்பி வரும் வழியில்தான் அதைப் பார்த்தோம். ஊர்க்காரர்கள் காய்ந்த வலையைப் பிரித்து, நாளைக்குப் போடப் போகும் கரமடியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள், திங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் படம் இங்கே கிடைத்தது.

கரமடி கரையில் நின்று இழுக்கும் வலை. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். பெரிய அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டே போய், மறுமுனைக் கயிற்றை வெகுதூரம் தள்ளிக் கரையில் இறக்கும். இப்போது கரையில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு மற்றக் கூட்டத்தின் குரல் கேட்காது. இரண்டும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி, அதாவது வலையின் நடுவிலிருக்கும் பை, கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் கரையிலேயே பக்கவாட்டில் நகர்ந்து நெருங்கி வரும். கடைசியில் மடி கரையேறும்போது இரண்டு கூட்டமும் தோளோடு தோள் உரசி ஒரே கூட்டமாகிவிடும்.

காலை ஆறரைக்குத் தொடங்கியது, முடிய இரண்டு மணி நேரம் பிடித்தது. பெரும்பாலும் நெத்திலி, கொஞ்சம் சாளை. நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன வரைய வேண்டும் என்று பேச வேண்டியிருக்கவில்லை.

பகலில் பிரைமர். டேப் சோதனையில் இன்று பொடி வரவில்லை.

ஆறாம் நாள், செவ்வாய்

சின்னத் தாளில் உள்ள படத்தை எப்படிப் பெரிய சுவருக்குக் கொண்டுபோவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்பா காலத்தில் நூலடிப்பார்கள். வண்ணப்பொடி தோய்த்த நூலை இருவர் இரண்டு முனையில் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தாளிலும் அதே கட்டம் போட்டு வரைவார்கள். நாங்கள் செய்வது வேறு. சுவர் முழுக்கத் தோன்றியபடி கிறுக்குவோம்: சுழி, அம்பு, மீன், பிள்ளைகளின் பெயர், எது வேண்டுமானாலும். தூரத்திலிருந்து அதைப் படம் பிடித்து, ஃபோனில் எங்கள் ஓவியத்தை அதன் மேல் மங்கலாகப் பரப்புவோம். 'இந்தச் சுழிக்குக் கீழே முழங்கை, அந்த மீனின் வாலில் கயிறு தொடங்குகிறது' என்று பார்த்துப் பார்த்துச் சுவரில் கோடிழுக்கலாம். இன்றைய கிறுக்கல் முழுக்கப் பிள்ளைகளுடையது. கைக்கு எட்டாத உயரத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல அக்கா கிறுக்கினாள்.

இடப்பக்கம் ஆறு பேர், வலப்பக்கம் ஆறு பேர். ஒவ்வொரு உருவமும் பன்னிரண்டடி. முகங்கள் எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பியவை, நமக்குத் தெரிவது முதுகும் தோளும் குதிகாலும். நடுவில் நிரப்பாமல் விட்ட வெள்ளை.

இரவு படத்தை அப்பாவுக்கு அனுப்பினோம். குரல் பதிவு வந்தது: "வலப்பக்கம் மூணாவது ஆளு கயித்த இழுக்கலையே, தொட்டுக்கிட்டில்ல நிக்கிறான்." உண்மைதான். அவன் எடை குதிகாலில் இறங்கவில்லை. அவனை வரைந்தவன் நான்.

ஏழாம் நாள், புதன்

நல்ல நாள் இல்லை.

மேற்குப் பார்த்த சுவர், அதனால் விடிந்ததிலிருந்து பன்னிரண்டு மணி வரைதான் நிழல். அதற்கப்புறம் வெயில் ஏறினால் ரோலரிலேயே பெயின்ட் காய்ந்துவிடும். காலையை வீணாக்கக் கூடாது என்ற அவசரத்தில், கடல் நுரைக்கு மெல்லிய தூவல் வேண்டும் என்று நான் ஸ்ப்ரேயை எடுத்தேன். காற்று குறைவாக இருந்ததுபோல் தோன்றியது. கூடத்துக்குப் பக்கவாட்டில், இருபதடி தள்ளி, மணலில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

பாதி விரிப்பு நீலத் துளி. அது ஒரு பாட்டியுடைய கருவாடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தினமும் கடவம் என்கிற ஓலைப்பெட்டியில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்கிறவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. கீழே இறங்கி வந்து அவர் முன்னால் மணலில் உட்கார்ந்து, "பாட்டி, தப்பு எங்களோடதுதான். என்ன விலையோ சொல்லுங்க" என்றாள்.

பாட்டி பணத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலை இழுக்கியவன மட்டும் போட்டா போருமா மோளே? மீன விக்கியவ எங்க?"

பன்னிரண்டு ஆண்களை வரைந்துவிட்டு, நடுவில் வெள்ளையாக விட்டது அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வெள்ளையில்தான் வர வேண்டியவர்கள் இருந்தார்கள்.

பணத்தை மாலையில் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டோம். ஸ்ப்ரே டப்பாக்கள் பெட்டிக்குள் போயின. இனி ரோலரும் பட்டை பிரஷ்ஷும்தான்.

எட்டாம், ஒன்பதாம் நாள்

இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன், தூங்கத்தான் நேரம் இருந்தது.

நடுவில் ஐந்து பெண்கள். தலையில் கடவம், இரண்டு கயிறுகளும் வந்து சேரும் இடத்தில் நம்மைப் பார்த்து நடந்து வருகிறார்கள். முகம் வேண்டாம் என்று ஊர் சொன்னதால் கடவத்தின் நிழல் கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கிறது. கழுத்து நரம்பும் பாதமும் மட்டும் தெளிவாக இருக்கும். சுமை எடுக்கும் கழுத்தை எப்படி வரைவது என்று பாட்டியே நின்று காட்டினார். "இப்படி முன்ன நீட்டினா சொமை விழுந்துரும்" என்று அக்காவின் தாடையைப் பிடித்துத் திருப்பி வைத்தார்.

எங்களுக்குள் சண்டையும் வந்தது. எங்கள் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சாரத்தில் நிற்கிறவளுக்கு அவள் வரையும் கால் ஒரு பழுப்புத் திட்டாகத்தான் தெரியும். படம் தெரிய வேண்டும் என்றால் நூறடி பின்னால் வர வேண்டும். அதனால் ஒருவர் மேலே, ஒருவர் தூரத்தில். தூரத்தில் நிற்கிறவன் சொல்வதை மேலே இருக்கிறவள் கண்ணால் சரிபார்க்க வழியில்லாமல் நம்ப வேண்டும். அலைச் சத்தத்தில் குரல் எட்டாது, அப்பாவின் சைகைகள்தான்: ஒரு கை உயர்த்தினால் மேலே, உள்ளங்கையைத் தாழ்த்தினால் கீழே, இரண்டு கையையும் மார்புக்கு நேரே குறுக்கே வைத்தால் நிறுத்து.

இடது வரிசைக் கயிற்றை நான் மூன்று தடவை கீழே இறக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அக்கா பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். "நீ நிக்கிற இடமே சரியில்ல. இடதுபக்கம் ஒதுங்கி நின்னு பாத்தா கோணலாத்தான் தெரியும்." நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் பேச்சில்லை. பிறகு இருவரும் சேர்ந்து சுவருக்கு நேர் நடுவே போய் நின்றோம். நான் சொன்னதில் பாதி சரி. இரண்டு இறக்கம் போதும், மூன்றாவது அதிகம். அவள் மேலே ஏறித் திருத்தினாள். அந்த இடத்தில் இப்போது கைவைத்தால் பெயின்ட் நான்கு படிவம் தடிப்பாக இருக்கும்.

கட்டன் சாயாவும் மட்டிப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது யாரென்று தெரியவில்லை.

பத்தாம் நாள், சனி

காலையில் ஒரு பெரியவர், கரமடிக்கு வள்ளம் ஓட்டியவர், "ஒங்க படத்த கடல்லயிருந்து பாக்காண்டாமா?" என்றார். வள்ளத்தில் ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்றார். நான் அக்காவைப் போகச் சொன்னேன். பத்து நாளாக அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டே இருந்தவள், முழுதாக ஒரு தடவைகூட நிதானமாகப் பார்க்கவில்லை. கடைசித் திருத்தங்களுக்காக நான் சாரத்தில் ஏறினேன்.

மேலிருந்து பார்த்தேன். வள்ளம் அலை தாண்டி, சின்னதாகி, ஒரு விரல்நகம் அளவில் நின்றது. அதில் எழுந்து நிற்கிறது அக்காதான் என்று சிவப்புத் துப்பட்டாவால் தெரிந்தது. துப்பட்டாவைக் கழற்றிக் கையில் பிடித்து, மெதுவாகத் தாழ்த்தினாள். கீழே. இடது வரிசைக் கயிறு. இன்னும் கீழே.

எனக்கு முன்னால் இருந்தது ஒரு பழுப்புப் பட்டை மட்டும். அது எங்கே போகிறது, எதை இழுக்கிறது, எதுவும் தெரியவில்லை. பிரஷ்ஷை முக்கி, அவள் கை நின்ற இடம் வரைக்கும் இறக்கினேன். அவள் துப்பட்டாவை மார்புக்குக் குறுக்கே வைத்தாள்.

திரும்பி வந்ததும் அவள் முதலில் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கடலுக்குள் மீன் கிடக்கும் பாறைகளுக்கு இங்கே பார் என்று பெயர். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கரையிலிருக்கும் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து நேர் பார்ப்பார்கள். அலைக்கு மேலே எது தெரிகிறதோ அதுதான் அடையாளம். வள்ளத்தில் பெரியவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தெற்கே கைநீட்டி, "அந்தக் கோபுரமும் ஒங்க நடுப் பொம்பளையும் ஒண்ணா வரும்போ ஒரு பார் இருக்கு. இனி பயலுவளுக்குச் சொல்லிக் குடுக்க லேசாக்கும்" என்றாராம்.

மதியம் சாரத்தைப் பிரித்தார்கள். சுவரில் வெயில் ஏறிவிட்டது. கூடத்துக்குப் பக்கவாட்டில் பாட்டி புது நெத்திலியை விரித்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டலம் கட்டி, அப்பாவுக்கு என்று அக்காவின் கையில் கொடுத்தார். நாலு மணி பஸ்.